பரணில் என் முறை

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்தேன். காபி போட்டேன். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து இரண்டு டப்பாக்களில் கட்டினேன், ஒன்று கணவருக்கு, ஒன்று எனக்கு. போளூரிலிருந்து மலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் வழக்கமான ஜன்னல் ஓரம் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் பனி ஜன்னலுக்குள் வந்தது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன்.

கல்லூரி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். காலை வேலைகளைப் பஸ்ஸிலேயே எழுதிவிட்டு, மீதியை இரவு படுக்கும் முன் எழுதி முடிப்பேன். அன்றைய பக்கம் ஸ்வெட்டரோடு நின்றுவிட்டது. மீதியை எழுத இப்போதுதான் மனம் வந்தது.

ஜவ்வாது மலையில் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். மலையில் என்னை மருந்தம்மா என்பார்கள். எங்கள் நிலையத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஒருவர் வருவார். கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து தன் பழைய ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். எழுபதை நெருங்கும் வயது. இளமையில் ராணுவ வீரர், பிறகு சபைப் போதகர், அதற்கும் பிறகு படித்துத் தேறிய மனநல ஆலோசகர். இடது காலில் விரல்கள் கிடையாது. ஷூவின் முனையில் துணியை அடைத்துக்கொண்டு சற்றே சாய்ந்து நடப்பார். சம்பளம் வாங்கியதில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் போதும், மாலை வரை யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் அவர் பட்டாளத்து ஐயா.

அன்று பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். மழையில் நனைந்தது போலத் தலையெல்லாம் பனித்துளி.

"மருந்தம்மா, நல்லா தூக்கம் வர்ற மாத்திரை குடுங்க."

"யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு. கஞ்சில கலந்து குடுக்கணும்."

டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவள் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

"சாயங்காலம் எங்கண்ணன் ஜீப்பு எடுத்துட்டு கயித்தோட வருது. கட்டித் தூக்கினு போயி, கீழ எங்கியோ கால்ல சங்கிலி போட்டு வெக்கிற எடத்துல வுடப் போவுது. அவரு தூங்கிட்டா கயிறு வோணாம் இல்ல? அதுக்குத்தான் கேக்கறேன்."

வேப்பமரத்தடியிலிருந்து பட்டாளத்து ஐயா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

அவள் சொன்னதன் சுருக்கம் இது. அவள் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து சாமை பயிர் செய்கிறவர்கள். கதிர் பிடித்துவிட்டால் நிலத்தின் நடுவே உயரமாகப் பரண் கட்டி, பகலில் கிளியையும் இருட்டில் பன்றியையும் விரட்ட முறை வைத்துக் காவல் இருப்பார்கள். போன வருடம் தம்பி குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து காவலை மாற்றிக்கொள்வதாகச் சொன்ன நாளில் வரவில்லை. அங்கே ஒரு திருவிழா, கூட்டாளிகள் பிடித்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தபோது, தம்பியின் முறையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பரணிலேயே இடி விழுந்து போய்விட்டிருந்தார்.

இந்த வருடம் அதே இடத்தில் தம்பி பரண் கட்டினார். ஏறினார். சாமை அறுத்தாகிவிட்டது, தானியம் வீடு வந்துவிட்டது, அவர் மட்டும் இறங்கவில்லை. தூங்குவதும் இல்லை. கஞ்சியைக் கயிற்றில் கட்டி அனுப்பினால் பாதி குடிப்பார். கதிர் அறுத்த வெறும் தாளைக் காவல் காத்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஐயா சாவியை எடுத்தார். "நீங்களும் வாங்கம்மா. இந்தப் பொண்ணுக்கு ஒரு பொம்பளை கூட இருந்தா தைரியமா இருக்கும். அஞ்சரை பஸ்ஸுக்கு வுட்டுடறேன்" என்றார்.

ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினேன், மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கினேன், போனேன்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து புளியமரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மத்தியானத்திலும் பனி விலகவில்லை. மரங்கள் ஒவ்வொன்றாக எங்களிடம் வந்து நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போவது போல இருந்தது. பாதை முடிந்ததும் சரிவாக ஒரு நிலம், அறுத்த சாமைத் தாள் பொன்னிறமாகத் தரையோடு கிடந்தது. நடுவில் நான்கு கால்களில் பரண். பனி கால்களை மூடியிருந்ததால் அது எதன் மீதும் நிற்காமல் தானாக மிதப்பது போலத் தெரிந்தது. அதற்குள் ஒரு ஆள் குந்தியிருந்தார்.

அந்தப் பெண்ணின் அண்ணன் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. முன்பே வந்து, தோளில் கயிற்றுச் சுருளோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கோடாலி. பரண் காலை வெட்டிச் சாய்த்து மச்சானைப் பிடிப்பதுதான் அவர் திட்டம்.

"நாங்க எல்லாரும் ஏறிப் பாத்தாச்சு ஐயா. சாமியாடியக் கூட்டியாந்து காட்டியாச்சு. நீங்க இன்னா, கீழ நின்னு ஜெபம் பண்ணி எறக்கப் போறீங்களா?"

"ஜெபம் ஞாயித்துக்கிழமை வேலை. இன்னிக்கி சனிக்கிழமை" என்றார் ஐயா. "பொழுது சாயற வரைக்கும் எனக்கு டைம் குடுப்பா. அதுக்கப்புறம் உன் கோடாலி, உன் மச்சான்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கோடாலியைத் தரையில் ஊன்றினார். அவரும் கெட்டவர் இல்லை. தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்தவர்.

ஐயா பரணின் அடியில், தாளின் மேல் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி, அடைத்திருந்த துணியை எடுத்து உதறி, விரல்கள் இல்லாத பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மேலே பார்க்கவில்லை. பேசவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று கைக்கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை. பனி நகர்வதையும், அது நகரும்போது எங்கோ ஒரு மாட்டின் மணி கேட்டு நிற்பதையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஐயாவின் அந்தப் பாதத்தைத்தான் பார்த்தது.

அப்போது ஐயா சாதாரணமாகக் கேட்டார். "இங்க காவல் எப்ப மாத்துவீங்க தம்பி?"

துருப்பிடித்த குரலில் பதில் வந்தது. "ஆள் வந்தா."

"வந்தா?"

"மேல ஏறி வரணும். கவணைக் கையில வாங்கணும். வாங்குனப்புறம்தான் இருக்கறவன் எறங்கணும். பரணு காலியா இருக்கக் கூடாது."

அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் இத்தனை வார்த்தை பேசிப் பல நாளாகிவிட்டதாம். கவண் என்பது கல் வைத்துச் சுழற்றி எறியும் நார்க் கயிறு. இறந்துபோன அண்ணனுடைய கவண்தான் அவர் மடியில் இருந்தது.

"இது வரைக்கும் யார்னா ஏறி வந்தாங்களா?"

"வந்தாங்க. எல்லாம் என்னிய எறக்க வந்தாங்க. காவலுக்கு ஒருத்தரும் வர்ல."

ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். கயிற்றோடு நின்ற மைத்துனர் சட்டென்று, "இன்னா மச்சான் இது, நான் இருக்கறேன், எறங்கு!" என்று ஏணியில் கை வைத்தார். ஒரு கல் விர்ரென்று வந்து அவர் காலடியில் விழுந்தது. துள்ளிப் பின்னால் போனார். மனைவி ஏறலாமா என்றால், அவள் தினமும் அழுதுகொண்டே ஏறி அழைத்தவள். ஐயாவின் காலுக்கு அந்த ஏணி ஆகாது. கால் வைக்கக் கணு மட்டும் விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில் அது.

எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வீட்டில் ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல் ஏறினாலே எனக்குக் கால் நடுங்கும்.

"பொம்பளைங்க காவல் இருக்கலாமா தம்பி?" என்று மேலே கேட்டார் ஐயா.

"பகல்ல எங்க ஊட்டுப் பொம்பளைங்க இருக்கும்."

செருப்பைக் கழற்றினேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். அந்தப் பெண் கீழிருந்து ஒவ்வொரு கணுவாக என் பாதத்தை எடுத்து வைத்தாள். பாதியில் நின்று கண்ணை மூடிக்கொண்டபோது, "கீழ பாக்காதீங்க மருந்தம்மா, கீழ ஒண்ணும் இல்ல" என்றாள். பனியில் அது உண்மையாகவும் இருந்தது.

மேலே மூங்கில் தப்பைகள், காய்ந்த புல் கூரை, ஒரு மூலையில் கல் குவியல். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன.

"உனுக்குக் காவல் தெரியுமா?"

"தெரியாதுங்க. சொல்லிக் குடுத்தா பாத்துக்கறேன்."

சொல்லிக் கொடுத்தார். கிளி எந்தப் புளியமரத்திலிருந்து கிளம்பும், பன்றி எந்தப் பள்ளம் வழியாக வரும், கல்லை எப்படி மடித்து வைக்க வேண்டும், குரல் எப்படிக் கொடுக்க வேண்டும். கேட்டுத் திருப்பிச் சொன்னேன். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னபோது திருத்தினார். கடைசியில் கேட்டார், "தூங்க மாட்டியே?"

"தூங்க மாட்டேன்."

"ஆள் வர்ற வரைக்கும் எறங்க மாட்டியே?"

"எறங்க மாட்டேன்."

அவர் கவணை இரண்டு கையாலும் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். நாரில் அவர் கைச்சூடு இருந்தது. அவர் மூங்கிலைப் பிடித்து இறங்கத் தொடங்கினார். தரையைத் தொட்டதும் கால்கள் மடங்கின. மைத்துனர் தோளிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். "யோவ், கோழி எடை கூட இல்ல நீ" என்று திட்டிக்கொண்டே அழுதார். மூன்று பேரும் வீட்டுப் பக்கம் போவது பனியில் மங்கி மறைந்தது.

நான் மேலே. ஐயா கீழே. எங்களைச் சுற்றி யாருமில்லாத வெள்ளை.

கொஞ்ச நேரத்தில் கேட்டேன், இது அவரை ஏமாற்றுவது இல்லையா என்று. காவல் காக்க இங்கே என்ன இருக்கிறது?

"கதிர்தான் இல்லம்மா. காவல் பொய் இல்ல" என்றார்.

பிறகு, மேலே பார்க்காமலே, தன் கதையைச் சொன்னார். பனிமலையில் ஒரு காவல் சாவடி. அவருடைய முறை முடிந்தும் மாற்று ஆள் வரவில்லை. வர வேண்டியவன் அவருடைய நண்பன், பாதையில் பனி சரிந்ததில் தாமதமாகிவிட்டது. இவர் நின்ற இடத்திலேயே நின்றார். விரல்கள் போயின. "என் காலு போனது பெருசில்லம்மா. லேட்டா வந்தானே, அவன்தான் போயிட்டான். என் மூஞ்சியப் பாக்க மாட்டான். குடி. கொஞ்ச வருஷத்துல ஆளே இல்ல." ஊர் திரும்பியதும் வேதம் படித்துப் போதகரானது அவனுக்காகத்தானாம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று போய்ச் சொன்னாராம், பல தடவை. அது அவன் காதில் ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு இளைஞர்களோடு உட்கார்ந்து உளவியல் படித்தார்.

"தெரிஞ்சுதுங்களா ஐயா?"

"பாதி. அவனுக்கு மன்னிப்பு வேணாம். அவனோட முறைய அவன் நின்னு முடிக்கணும். அதுக்கு யாரும் வுடல. சொல்லவும் அப்ப எனக்குத் தெரியல."

நான் கிளி வரும் மரத்தைப் பார்த்தேன், பன்றி வரும் பள்ளத்தைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று நடந்தது. தாளின் மேல் பனி உயர்ந்து, இடுப்பளவுக்கு நின்று, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. முற்றிய சாமை அப்படித்தான் சாயும். ஒரு விளைந்த நிலம் முழுவதும் எனக்குக் கீழே அசைந்தது. தூரத்தில் பனி ஒரு முறை கிழிந்தபோது மலைக்குக் கீழே ஏதோ ஒரு ஏரி வெள்ளித் தட்டு போல மின்னி மறைந்தது. போளூர் ஏரியாக இருக்கலாம். என் வீடும் வாசலும் அந்தப் பக்கம் எங்கோ இருந்தன, என்னுடையவை இல்லை என்பது போல.

அஞ்சரை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயா, பஸ்ஸு."

"அவரு முழிச்சுப் பாத்து பரண் காலியா இருந்தா அவ்ளோதாம்மா" என்றார். "ஆனா நீங்க எறங்கினா நான் தப்பு சொல்ல மாட்டேன்."

நான் இறங்கவில்லை. பரணில் செல்போனுக்குச் சிக்னல் கிடைத்தது. கணவரைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறாய் என்றார். பரணில் என்றேன். வீட்டுப் பரணில் என்ன தேடுகிறாய், நான் வீட்டில்தானே இருக்கிறேன் என்றார். விளக்கிச் சொல்ல வெகு நேரம் ஆனது.

வெளிச்சம் சாம்பலாகும் நேரத்தில் நிலத்தின் ஓரத்தில் ஒரு பெண் வந்து நின்றார். நெற்றியில் பொட்டு இல்லை. இறந்துபோன அண்ணனின் மனைவி. ஊரின் மறுகோடியில் இருக்கிறவர், ஒரு வருடமாக இந்த நிலத்தில் கால் வைக்காதவர். கொழுந்தன் இறங்கிவிட்டான், பரணில் மருந்தம்மா இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐயாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மளமளவென்று ஏறி வந்தார்.

"குடு. எங்க ஊட்டுக்காரரு காவலு இது, நான் பாக்கறேன். பஸ்ஸு போயிடிச்சு, காலாவது மரத்துப் போவாம எறங்கு."

நான் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்டா லேட்டா வந்தேன்னு அவன நான் ஒரு வார்த்த கேக்கல, மருந்தம்மா. நான் கேக்கலன்னு ஊரே என்னிய மெச்சுச்சு. கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அவன் அழுதிருப்பான், நானும் அழுதிருப்பேன், அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

இரண்டு கையாலும் கவணை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று தம்பியின் வீட்டிலேயே தங்கினேன். அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அதற்குப் பிறகு அவர் டாக்டரிடம் போனார், சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்து மாத்திரை வாங்கினார், ஐயாவின் எதிரில் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்தார். மழைக்காலத்தில் இடி இடித்தால் இன்றும் வெளியே வந்து நின்றுவிடுவார் என்று மனைவி சொல்கிறாள். ஆனால் தூங்குகிறார், வேலைக்குப் போகிறார், சொன்ன நாளில் திரும்பி வருகிறார்.

பட்டாளத்து ஐயா போன வருடம் காலமானார். கடைசி வரை சனிக்கிழமை வந்தார். என்னை மாத்த ஆள் வரவில்லையே அம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் இருக்கும்போதே நான் ஆலோசகர் படிப்பில் சேர்ந்தேன், அஞ்சல் வழியில், ஐம்பதைத் தொடும் வயதில். இப்போது சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வேப்பமரத்தடி நாற்காலியில் நான் உட்காருகிறேன். அவர் அளவுக்கு எனக்கு வராது. ஆனால் நாற்காலி காலியாக இல்லை. யாரையும் அவரவர் துயரத்திலிருந்து இறக்கிவிட எனக்குத் தெரியாது, கொஞ்ச நேரம் அவர்களுக்குப் பதிலாக அங்கே இருக்க முடியும் என்பதை மட்டும் அந்த மூங்கில் தப்பைகள் மேல் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

நான் பரண் ஏறியதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பல் துலக்கும் முன்பே, அந்த அம்மாவை மாற்றிவிட எழுந்து நிலத்துக்குப் போனேன். எனக்கு முன்பே தம்பி அங்கே போயிருந்தார். ஐயா ஜீப்பிலேயே தூங்கி எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். தம்பி மேலே ஏறினார். எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. மேலே இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அண்ணியின் குரல் ஒரு முறை உயர்ந்தது, அதன் பின் இருவரும் அழும் சத்தம் கேட்டது. அண்ணி இறங்கி வந்தார். கவண் தம்பி கையில் இருந்தது. அவர் அதைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு, கூரைப் புல்லைப் பிடுங்கிக் கீழே எறிந்து பரணைப் பிரிக்கத் தொடங்கினார்.

"இன்னிக்கி ஞாயித்துக்கிழமதான ஐயா?" என்றார் மைத்துனர், தான் கொண்டுவந்த கயிற்றைப் பரண் மூங்கிலின் முனையில் கட்டிக்கொண்டே. ஐயா கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னா மருந்தம்மா, வேடிக்க பாக்கற? வந்து கால ஒரு கை புடி, சாஞ்சிடப் போவுது."

ஓடிப்போய்ப் பரணின் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அன்று காலையில் நான் செய்த முதல் வேலை அதுதான்.